கால்சியம் மாத்திரையை நிறுத்தினால் கெண்டைக்கால் பிடிப்பு நிற்குமா?

53 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதால் மருத்துவர் கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கொழுப்புக்காக நான்கு ஆண்டுகளாக ஒரு ஸ்டாட்டின் மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரை. ஐந்து வாரங்களுக்கு முன் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். உட்கார்ந்து எழுவதும் படி ஏறி இறங்குவதுமாக முதல் வகுப்பு முடிந்தது. அடுத்த இரண்டு நாளும் தொடை வலியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்க முடிந்தது. அந்த வலி போய்விட்டது. ஆனால் வாரத்தில் மூன்று, நான்கு இரவுகள் கெண்டைக்கால் கல்லாக இறுகி அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறது.

காரணம் தேடி, மகளின் உயிரியல் பாடப்புத்தகத்தை எடுத்துத் தசைச் சுருக்கம் பற்றிய பாடத்தை இரண்டு முறை படித்திருக்கிறார். படித்ததிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வந்திருக்கிறார். கால்சியம்தான் தசையைச் சுருங்க வைக்கிறது, ஆகவே மாத்திரையை நிறுத்த வேண்டும். மூன்று வாரமாக நிறுத்தியும் விட்டார். இரண்டாவது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு தீர்ந்தால் இறந்த உடல் விறைப்பது போலத் தசை பூட்டிக்கொள்ளும், பயிற்சியில் ஏ.டி.பி. கரைவதால்தான் இரவில் கால் பூட்டுகிறது. மூன்றாவது, தசைக்குள் ரப்பர் மாதிரி இருக்கும் புரத இழைகள் சுருங்கிப்போய்விட்டன, இனி பழைய நீளத்துக்குத் திரும்பாது. ஸ்டாட்டினையும் நிறுத்தலாமா, வகுப்புக்குப் போவதை விட்டுவிடலாமா, மெக்னீசியமும் புரதப் பொடியும் வாங்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதம் எனக்குப் பிடித்திருந்தது. உடம்பில் ஒரு தொந்தரவு வந்ததும் அது எப்படி நடக்கிறது என்று பாடப்புத்தகத்தைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் படித்ததில் தவறில்லை. புத்தகம் சொன்ன இடத்திலிருந்து உங்கள் கெண்டைக்கால் வரை வருகிற வழியில்தான் இரண்டு மூன்று திருப்பங்கள் விட்டுப்போயிருக்கின்றன. அதற்குள் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள் என்பதுதான் என் கவலை. அதனால் அந்தப் பாடத்தை உங்களோடு இன்னொரு முறை படித்துவிட்டு மருந்துக்கு வருகிறேன்.

இழைகள் சுருங்குவதில்லை, சறுக்குகின்றன

மூன்றாவது முடிவிலிருந்து தொடங்கலாம். இழை சுருங்குகிறது என்று நீங்கள் நினைத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1954 வரை அறிவியலாளர்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். புரதம் மடிந்து குட்டையாவதால் தசையும் குட்டையாகிறது என்பது அவர்கள் கருத்து. அந்த ஆண்டு மே மாதம் 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்றை எழுதியவர்கள் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரோல்ஃப் நீடர்கெர்கே. மற்றதை எழுதியவர்கள் ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்லர். இரு குழுக்களும் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டிருந்தன. நுண்ணோக்கியில் தசையைப் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். தசை சுருங்கும்போது வெளிர்ப்பட்டை குறுகுகிறது. கரும்பட்டையின் அகலமோ அப்படியே இருக்கிறது. இழைகளின் நீளம் மாறவில்லை, ஒன்றன் இடையில் ஒன்று நுழைகின்றன என்பதுதான் அதற்குப் பொருள்.

இரண்டு கைவிரல்களையும் நுனி மட்டும் கோத்தபடி முகத்துக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கைகளை நெருக்குங்கள். மணிக்கட்டுகளுக்கு இடையே தூரம் குறைகிறது, ஆனால் எந்த விரலும் குட்டையாகவில்லை. தசைக்குள் நடப்பது இதுதான். தடித்த இழை மையோசின் புரதத்தால் ஆனது, நீளம் 1.6 மைக்ரோமீட்டர். மெல்லிய இழை ஆக்டின், சுமார் 1 மைக்ரோமீட்டர். இரண்டும் கோத்துக்கொண்டிருக்கும் ஒரு கண்ணிக்கு சார்கோமியர் என்று பெயர். ஓய்வில் அதன் நீளம் 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர். உங்கள் தசையிழையில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தை எடுத்தால் அதில் ஏறத்தாழ 4,500 கண்ணிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் 0.2 மைக்ரோமீட்டர் குறுகினால் போதும், அந்த ஒரு சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் குறைந்துவிடும்.

யார் இழுக்கிறார்கள்? தடித்த இழையின் பக்கவாட்டில் மையோசின் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓர் இழைக்குச் சுமார் 300 மூலக்கூறுகள், மூலக்கூறுக்கு இரண்டு தலைகள். ஒரு தலை ஆக்டினைப் பிடிக்கிறது, வளைகிறது, இழையைச் சில நானோமீட்டர் நகர்த்துகிறது, விடுகிறது, மறுபடி சற்றுத் தள்ளிப் பிடிக்கிறது. அதிகம் போனால் ஒரு வீச்சுக்கு 10 நானோமீட்டர். கிணற்றில் நீர் இறைப்பவர் ஒரு கை பிடித்திருக்கும்போதே மறு கையை மாற்றுவது போல, சில தலைகள் விடும்போது வேறு சில பிடித்திருக்கும். அதனால்தான் இழை வழுக்கிப் பின்னால் போவதில்லை. மாணவப் பருவத்தில் மின்நுண்ணோக்கிப் படத்தில் இந்தத் தலைகளை முதன்முதலில் பார்த்தபோது வகுப்பு முடிந்தும் எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் இத்தனை சின்னக் கைகள்!

இன்னொன்றும் உண்டு. இந்தத் தலைகளுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. சுருங்கிய தசை மறுபடி நீள, எதிர்ப்பக்கத் தசையோ உடல் எடையோ அதை இழுக்க வேண்டும். பிடிப்பு வந்தவுடன் செய்ய வேண்டியதைச் சொல்லும்போது இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன். ரப்பர் மாதிரி ஏதோ இருக்கிறது என்று நீங்கள் நினைத்ததிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. டைட்டின் என்ற மிகப் பெரிய புரதம் கண்ணிக்குள் வில்சுருள் போல நின்று, அது அளவுக்கு மீறி இழுபடாமல் காக்கிறது. அதுவும் ஐந்து வாரப் பயிற்சியில் சுருங்கிப்போகிற பொருளல்ல.

ஏ.டி.பி. தீர்ந்துவிட்டதா?

இல்லை. ஆனால் உங்கள் ஊகம் பாதி வழி சரியாகவே வந்திருக்கிறது. ஏ.டி.பி. இழுப்பதற்கு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். விடுவதற்கும் அது வேண்டும் என்பதைக் கவனிப்பவர்கள் கொஞ்சம்தான்; நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். வளைந்து முடித்த மையோசின் தலையில் புதிய ஏ.டி.பி. வந்து ஒட்டினால்தான் அது ஆக்டினை விட்டு விலகும். மரணத்துக்குப் பின் ஏ.டி.பி. உற்பத்தி நின்றுவிடுவதால் பிடித்த தலைகள் பிடித்தபடியே நிற்கின்றன. சில மணி நேரத்தில் உடல் விறைப்பது இதனால்தான். ஓரிரு நாளில் புரதங்கள் சிதையத் தொடங்கும்போது விறைப்பும் தளர்கிறது.

உயிருள்ள தசை அந்த நிலைக்குப் போகாமல் தன்னைக் காத்துக்கொள்கிறது. முழு வேகத்தில் வேலை செய்தால் கையிருப்பு ஏ.டி.பி. இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும் என்பது உண்மை. அதற்குப் பின்னால் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற இருப்பு ஏறக்குறைய பத்து விநாடிக்குக் கை கொடுக்கும். அதற்குப் பின்னால் சர்க்கரையும் கொழுப்பும். இத்தனையும் ஈடு கொடுக்க முடியாதபோது தசை பூட்டிக்கொள்வதில்லை, சோர்ந்துபோகிறது. செல்லுக்குள் கால்சியம் வெளிவருவது குறைகிறது, இழுவிசை தளர்கிறது, நாமும் நிறுத்திவிடுகிறோம். பயிற்சியின் நடுவே கால் தள்ளாடுவது அந்தக் காப்புதான்.

இரவில் உங்களை எழுப்பும் பிடிப்பு வேறு வகை. குரக்குவலி என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அப்போது தசையில் மின் ஊசி வைத்துப் பார்த்தால், நரம்பு இடைவிடாமல் துடித்து ஆணை அனுப்பிக்கொண்டிருப்பது பதிவாகும். இறந்த உடலின் விறைப்பில் மின் துடிப்பே கிடையாது. ஆக, உங்கள் கெண்டைக்காலில் இழைகள் பழுதாகவில்லை. வந்த ஆணையை அவை ஒழுங்காக நிறைவேற்றுகின்றன, ஆணையிடும் நரம்புதான் தேவையில்லாமல் சிலிர்த்துக்கொள்கிறது. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் பயம் பாதி குறையும்.

கால்சியத்தை நிறுத்தியது பற்றி

கால்சியம் இல்லாமல் தசை சுருங்காது என்று புத்தகம் சொல்வது சரி. ஆக்டின் இழையின் மேல் ட்ரோப்போமையோசின் என்ற புரதம் மறைப்பாகக் கிடக்கிறது. அதோடு இணைந்திருக்கும் ட்ரோப்போனின் என்ற இன்னொரு புரதத்தில் கால்சியம் போய் ஒட்டியதும் அந்த மறைப்பு விலகி, மையோசின் தலைக்குப் பிடிமானம் கிடைக்கிறது. ஜப்பானிய அறிவியலாளர் செட்சுரோ எபாஷியின் உழைப்பால் 1960-களில் இது துலங்கியது.

ஆனால் அந்தக் கால்சியம் எங்கிருந்து வருகிறது? கை கால் தசையைப் பொறுத்தவரை, அது தசைச் செல்லுக்குள்ளேயே வலைப்பை போன்ற ஒரு கிடங்கில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நரம்பின் ஆணை வந்ததும் கிடங்கின் கதவு திறக்கிறது. வேலை முடிந்ததும் சின்னப் பம்புகள், ஒவ்வோர் ஏ.டி.பி.க்கும் இரண்டு கால்சியம் அயனிகள் என்ற கணக்கில், அதைத் திரும்ப உள்ளே தள்ளுகின்றன. ஓய்வில் இருக்கும் தசைச் செல்லின் உட்புறத்தில் தடையின்றி உலவும் கால்சியம், வெளியே இரத்தத்தில் இருப்பதில் சுமார் 10,000-இல் ஒரு பங்குதான். அவ்வளவு கண்டிப்பான காவல். காலையில் விழுங்கும் மாத்திரை இரவில் கெண்டைக்காலுக்குப் போய் இழைகளை இழுத்துவிட வழியே இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்ல வேண்டும். இரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைந்தாலும் பிடிப்பு வரும்! நரம்புச் சவ்வைச் சாந்தமாக வைத்திருப்பது வெளியே இருக்கும் கால்சியம். அது குறைந்தால் நரம்பு சின்னத் தூண்டலுக்கும் துடிக்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரும், கைவிரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும்.

மூன்று வாரம் மாத்திரை விட்டதால் உங்களுக்கு அப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்த வரவில்லை. பொதுவாக ஆகாது. ஏனென்றால் இரத்தம் தனக்கு வேண்டியதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. உங்களுக்கோ ஏற்கெனவே எலும்பு அடர்த்தி குறைவு. மாத்திரையை விட்டதன் செலவை உங்கள் எலும்புதான் ஏற்கிறது. நிறுத்தி மூன்று வாரமாகியும் பிடிப்பு கொஞ்சமும் குறையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் ஒரு சான்று. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் நிறுத்தியதைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கல் போன்ற வேறு காரணம் இல்லையென்றால் அதே அளவில் மறுபடி தொடங்கச் சொல்வார் என்றே நினைக்கிறேன்.

ஸ்டாட்டினும் மற்ற மாத்திரைகளும்

ஸ்டாட்டின் சிலருக்குத் தசை வலி தரும், மிகச் சிலருக்குத் தசையையே சிதைக்கும். ஆனால் ஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் சொல்லும் தசை வலியில் பெரும்பகுதிக்கு அந்த மருந்து காரணமல்ல என்று, மருந்தையும் மருந்தே இல்லாத போலி மாத்திரையையும் எது எதுவென்று மறைத்துக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்தால் வருவது பெரும்பாலும் தொடங்கிய சில வாரங்களில் அல்லது அளவைக் கூட்டிய பின் வரும். இரு பக்கத் தொடையிலும் தோளிலும் ஒரே மாதிரி வலியும் பலவீனமுமாக இருக்கும். நான்கு ஆண்டுகள் சும்மா இருந்த மாத்திரை இப்போது கெண்டைக்காலை மட்டும் இரவில் பிடிப்பதற்கு வாய்ப்பு குறைவு. ஒரு கேள்வி மட்டும்: அண்மையில் ஆன்டிபயாடிக்கோ பூஞ்சைத் தொற்றுக்கு மருந்தோ சாப்பிட்டீர்களா? அவற்றில் சில, ஸ்டாட்டினின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். மாரடைப்பிலிருந்தும் பக்கவாதத்திலிருந்தும் அது தரும் காப்பு பெரியது. சந்தேகமிருந்தால் மருத்துவர் அளவைக் குறைக்கவோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றவோ முடியும்.

எனக்கு அதைவிட அதிகம் சந்தேகம் உங்கள் இரத்த அழுத்த மாத்திரை மேல்தான். அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. சிறுநீரைக் கூட்டும் வகையாக இருந்தால் பொட்டாசியமும் மெக்னீசியமும் சோடியமும் இறங்கக்கூடும், இரவுப் பிடிப்புக்கு அது ஒரு தெரிந்த காரணம். அதற்காக அந்த மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம்! அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள், அது போதும்.

வகுப்பை விட வேண்டுமா?

வேண்டாம். முதல் வாரத் தொடை வலிக்கும் இந்த இழைகளுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டு. அதை லாக்டிக் அமிலம் தேங்கியதால் வந்தது என்று நினைக்கிறீர்கள். லாக்டிக் அமிலம் பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கழுவப்பட்டுவிடும். மறுநாள் வலிக்கு அது காரணமாக இருக்க முடியாது. படி இறங்கும்போதும் மெதுவாக உட்காரும்போதும் தொடைத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே நீள்கிறது. மையோசின் தலைகள் பிடித்திருக்கும்போதே உடல் எடை இழைகளைப் பிரித்து இழுக்கிறது. பழக்கமில்லாத தசையில் பலவீனமான சில கண்ணிகள் அளவுக்கு மீறி இழுபட்டுக் குலைகின்றன. அதைச் சரிசெய்ய வரும் அழற்சிதான் 24 மணி நேரத்தில் தொடங்கி மூன்று நாள் வரை வலிக்கிறது. ஏறுவதைவிட இறங்குவது அதிகம் வலித்ததாக எழுதியிருந்தீர்களே, அதற்கும் இதுதான் விடை.

நல்ல செய்தி, தசை இதைக் கற்றுக்கொள்கிறது. ஒரு தடவை இப்படி அடிபட்டுச் சீரான தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே பயிற்சிக்கு அவ்வளவு வலிக்காது. உங்களுக்கும் இரண்டாம் வாரத்தில் அப்படித்தான் ஆனது. எலும்பு அடர்த்தி குறைந்த 53 வயதுப் பெண்ணுக்கு எடை தாங்கும் பயிற்சி, வேண்டுமானால் செய்யலாம் என்ற வகையைச் சேர்ந்ததல்ல. அது சிகிச்சையின் பகுதி. பயிற்றுநரிடம் எலும்பு பற்றிச் சொல்லிவிடுங்கள், படி இறங்கும் எண்ணிக்கையைப் பாதியாக்கி வாரத்துக்கு வாரம் கூட்டச் சொல்லுங்கள். படுக்கப் போகும் முன் சுவரில் கையூன்றி, குதிகால் தரையில் பதிய, கெண்டைக்காலைச் சில நிமிடம் நீட்டுங்கள். எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது, சிலருக்குத் தருகிறது, கெடுதல் இல்லை.

பிடிப்பு வந்தேவிட்டால் காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைக் கையால் முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். சுருங்கிய தசை தானாக நீளாது என்றேனே, அந்த நீட்டலை நீங்கள் கொடுக்கிறீர்கள். தசைநாணில் இழுவிசை ஏறும்போது அங்கிருக்கும் உணர்விகள் நரம்பை அடங்கச் சொல்கின்றன. எழுந்து பாதம் பதிய நின்றாலும் இதே வேலை நடக்கும்.

மெக்னீசியம், இரத்தத்தில் குறைந்திருந்தால் ஒழிய, வயதானவர்களின் இரவுப் பிடிப்பைப் பெரிதாகக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சிறுநீரகக் குறை உள்ளவர்களுக்கு அது ஆபத்தும்கூட. புரதப் பொடி வாங்கினால் அதிலிருக்கும் புரதம் அப்படியே போய் அறுந்த இழையில் ஒட்டுவதில்லை. குடலில் அமினோ அமிலங்களாக உடைந்து, தேவைப்படும் செல் அதிலிருந்து தன் இழையைத் தானே கட்டிக்கொள்கிறது. அன்றாட உணவில் போதுமான புரதம் இருந்தால் பொடி தேவையில்லை. பிடிப்புக்கு நல்லதென்று யாராவது குயினின் மாத்திரை கொடுத்தால் மட்டும் வாங்கவே வேண்டாம். இரத்தத் தட்டணுக்களையும் இதயத் துடிப்பையும் அது கெடுத்துவிடலாம்.

காத்திருக்கக் கூடாதவை

சிறுநீர் தேநீர் நிறத்தில் கறுத்து, தசை வலியும் பலவீனமும் கூட வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை பெருமளவில் சிதைந்து அதன் சிவப்புப் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. அப்போது மட்டும் ஸ்டாட்டினை அந்த வேளை போடாமல் போய்ச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, பிடிப்பு விட்ட பிறகும் வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், அதுவும் அன்றே பார்க்க வேண்டியது. நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் இரத்தக்குழாய் அடைப்பைச் சோதிக்க வேண்டும். உதட்டோரம் மதமதத்து விரல்கள் மடங்கினால் கால்சியம் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லை என்றால் அவசரமில்லை, இரண்டு வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், வைட்டமின் டி, சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், தைராய்டு ஆகியவற்றைக் கேளுங்கள். தைராய்டு குறைந்தாலும் பிடிப்பு வரும், ஸ்டாட்டின் மேல் வீண்பழியும் விழும். தசை நொதியான சி.கே.-வையும் பார்ப்பார்கள். அதற்கு இரத்தம் கொடுக்கும் முன் ஒரு வாரம் வகுப்பில் படிப் பயிற்சியை மட்டும் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் குலைந்த கண்ணிகளிலிருந்து கசிந்த நொதி சோதனை அளவை ஏற்றிக் காட்டும், தேவையில்லாமல் ஒரு நல்ல மருந்து நிற்கும். எந்தெந்த இரவு பிடித்தது, அன்று என்ன பயிற்சி செய்தீர்கள் என்று இன்றிலிருந்து ஒரு தாளில் குறித்து வாருங்கள். மாத்திரை அட்டைகளோடு அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.